பன்னீரில் கழுவிய லென்ஸ்

எனக்குக் கண் பவர் மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரில் நிற்பது மனிதரா குடை மாட்டும் ஸ்டாண்டா என்று தெரிந்துகொள்ள அது வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் போஸ்ட் ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்தேன். என் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தவர்கள் என்னிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்கள். கண்ணுக்கும் காதுக்கும் என்ன உறவு என்று நானும் கேட்டதில்லை. அவர்கள் கத்தினார்கள், நான் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் கண்ணாடி போட்ட மகன் என்றால் படிப்பாளி, கண்ணாடி போட்ட மகள் என்றால் பாவம். இரண்டு வரன்கள் வந்து, கேசரி சாப்பிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா கண்ணாடியைத்தான் குற்றம் சொன்னார். என் வாயும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வாயை மூடிக்கொள்ளலாம், கண்ணாடியை என்ன செய்வது என்றார்.

அந்த இரண்டு தடவையும் கண்ணாடியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அதனால் அந்த மாப்பிள்ளைகளை நான் பார்த்ததேயில்லை. ஒருவர் வெள்ளையாக ஒரு மூட்டம். இன்னொருவர் நீலக் கோடு போட்ட மூட்டம். எனக்கு இரண்டாவது மூட்டம் கொஞ்சம் பிடித்திருந்தது.

மூன்றாவது வரன் கிள்ளானிலிருந்து வருவதாகப் பேச்சு வந்தபோது அம்மா யாரிடமோ விசாரித்து, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் வயதான சீனர். கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மெல்லிய லென்ஸை அப்போதுதான் விற்க ஆரம்பித்திருந்தார். விற்றுவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தோம். அவர் என்னை முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, போட்டுக் கழற்றி, கழற்றிப் போட்டு, அந்தப் பிற்பகல் முழுவதும் என் பொறுமையைச் சோதித்தார். நானும் அவருடையதைச் சோதித்தேன். நடுநடுவே மலாயில் விதிகளைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகுதான் கண்ணைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படக் கூடாது. எச்சில் கூடவே கூடாது. தூங்குமுன் கழற்ற வேண்டும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, மங்கினாலோ முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது, இரண்டாவது வேலை டாக்டரிடம் ஓடுவது. மூன்றாவது வேலை கிடையாது.

கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு மின்சாரப் பெட்டியும் தந்தார். ராத்திரி லென்ஸை உப்புநீர் மருந்தில் போட்டு, டப்பாவை அந்தப் பெட்டிக்குள் வைத்து, பிளக்கைச் சொருகினால், கொதிக்கவைத்துக் கிருமியைக் கொன்றுவிட்டுத் தானே அணைந்துவிடும். அம்மா அதற்குக் கண்ணு குக்கர் என்று பெயர் வைத்து, சோற்றுக் குக்கருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். என் கண் எங்கள் சமையலறையில்தான் வெந்தது.

பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். முறுக்கின் சுற்று தெரிந்தது. சுவரிலிருந்த பல்லி தெரிந்தது. மாப்பிள்ளையும் தெரிந்தார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தார், அதனால் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்ததும், என்ன தவறு என்று புரியாமல் மீசையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. அந்தச் சீனக் கடைக்காரருக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

லென்ஸ் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம் என்பது அம்மாவின் உத்தரவு. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் போகட்டும், அவர்கள் வீட்டு வேலையைச் செய்து செய்து உன் கண் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அம்மா அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவர்.

கல்யாணம் கிள்ளானில், ஒரு கோவில் மண்டபத்தில். ஹோமப் புகை நேராக என் முகத்துக்குத்தான் வந்தது. ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற என் கண் காய்ந்துகொண்டே போனது. தாலி ஏறியதும் மஞ்சள் அரிசி மழை. நம் ஆட்கள் அட்சதையை ஆசீர்வாதமாகத்தான் போடுகிறார்கள், ஆனால் சிலருக்குக் குறி வைக்கும் பழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேடையை ஒட்டி நின்று ஒரு பிடியை என் முகத்துக்கு நேராக வீசினார். வலது கண்ணில் பட்டது. கண்ணீர் கொட்டியது. பெண் அழுகிறாள், நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

அழுகையை முந்தானையில் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த சிறு அறைக்குள் போனேன். லென்ஸ் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் மஞ்சள் தூள். உப்புநீர் மருந்து அம்மாவின் கைப்பையில். கைப்பை அம்மாவோடு, அம்மா சம்பந்திகளோடு. அறையில் ஒரு குழாய் இருந்தது. குழாய்த் தண்ணீர் கூடாது என்ற விதி எனக்குச் சரியாக நினைவுக்கு வந்தது. நான் விதியை மதிக்கிறவள். ஆகவே சுற்றிலும் பார்த்தேன். மேசைமேல், வாசலில் வருகிறவர்கள்மீது தெளித்து முடித்துக் கொண்டுவந்து வைத்த பன்னீர்ச் சொம்பு இருந்தது.

பன்னீர் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே தெரியும். கண் எரிந்தால் பஞ்சில் நனைத்து இமைமேல் வைப்பார்கள். ரோஜாவிலிருந்து வருவது, சாமிக்குப் போவது. குழாய்த் தண்ணீரைவிட உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்? லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சொம்பைக் குலுக்கி, மூன்று தெளிப்புத் தெளித்துக் கழுவி, கண்ணுக்குள் வைத்தேன். எரிந்தது. சுத்தமானது எரியத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சொம்பின் கழுத்துக்குள் எத்தனை கல்யாணத்துப் பன்னீர் தேங்கியிருந்ததோ, அதைக் கடைசியாகக் கழுவியது யாரோ, அதெல்லாம் பிறகு யோசித்தவை.

மாமியார் வீட்டில் கண்ணு குக்கர் என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் எங்கள் அறையில் பிளக் இல்லை. இருந்த ஒரே பிளக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், உறவினர் அத்தனை பேர் படுத்திருந்த இடத்தில். அங்கே போய்க் கண்ணை வேகவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. லென்ஸோடு தூங்கினேன். மறுநாள் கிள்ளானில் வீடு வீடாகப் புதுமணத் தம்பதிக்கு விருந்து. திரும்பி வந்து அன்றும் லென்ஸோடு தூங்கினேன்.

அடுத்த நாள் காலையில் வலது கண் திறக்கவில்லை. திறந்தபோது ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கண் ரத்தச் சிவப்பு. அம்மா நினைப்பில் அழுதிருக்கிறாள் என்று ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். என் கணவர் எனக்காகச் சீனர் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிவரப் போனார். அத்தை, அதாவது என் மாமியார், என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண் பட்டிருக்கிறது என்று தீர்மானித்தார். கல்யாணத்தில் அவ்வளவு கூட்டம், படாமல் இருக்குமா? மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் திருஷ்டிதான் என்று உறுதியானது. எனக்கு நெடி நன்றாகவே வந்தது. புதுப்பெண் என்பதால் பேசவில்லை.

மதியத்துக்குள் வலி நெற்றிக்குப் பரவிவிட்டது. அத்தை அடுத்த வைத்தியத்துக்குப் போனார். என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தார். கண் சிவப்புக்குத் தாய்ப்பாலைவிட மருந்து உண்டா? அண்ணி உள்ளே போய், குழந்தைக்கு மருந்து புகட்டும் வெள்ளிப் பாலாடையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் படுக்கவைத்து, அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டார். பன்னீர் அபிஷேகம் முடிந்தது, இனி பாலா? வரிசைகூட மாறிவிட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்கு அடுத்துத் தோன்றியது அந்தச் சீனர் முகம். முதல் வேலை, இரண்டாவது வேலை. மூன்றாவது வேலை கிடையாது.

“அத்தை, ஊத்தாதீங்க. கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்கு.”

அத்தைக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைப்பது என்றேன். எனக்கு எட்டப் பார்வை கிடையாது, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது என்றேன். இவ்வளவையும் படுத்துக்கொண்டே, தாடை அவர் கையில் இருக்கும்போதே சொன்னேன்.

அத்தை பாலாடையை அண்ணியிடம் கொடுத்தார்.

“கண்ணாடி போடுறவன்னு எனக்குத் தெரியும்மா. ஒன்னப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே போஸ்ட் ஆபீசுக்கு வந்து பாத்துட்டுத்தானே போனேன்.”

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை முன்கூட்டி எங்கேயாவது ஒளிந்து பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கோவிலில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாப்பில் பார்ப்பார்கள். கவுண்டரில் வரிசையாக நின்று, முறை வந்து, ஸ்டாம்பு வாங்கிக்கொண்டே பார்ப்பார்கள் என்று எனக்கும் அம்மாவுக்கும் தோன்றவேயில்லை.

“சோடா பாட்டிலு மாதிரி கண்ணாடி போட்டிருந்தே. நான் ஸ்டாம்ப நாக்குல தடவி ஒட்டப் போனேன். எச்சி பண்ணாதீங்க ஆன்ட்டி, ஈரப் பஞ்சு எதுக்கு வச்சிருக்கோம்னு அத்தனை பேரு முன்னால என்னத் திட்டுன. இவ வந்தா வீடு சுத்தமா இருக்கும்லான்னு நெனச்சேன்.”

பெண் பார்க்க வந்த அன்று நான் கண்ணாடியில்லாமல் வந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். எல்லாப் பெண்களையும் கண்ணாடியைக் கழற்றித்தானே அனுப்புகிறார்கள்? ஆனால் கண் தெரியாமலே தட்டை யார் மடியிலும் கொட்டாமல் கொண்டுவந்து வைத்தாளே, கெட்டிக்காரிதான் என்று வீட்டில் வந்து பாராட்டினாராம். நான் லென்ஸ் போட்டுக்கொண்டு ஏமாற்றியதாக நினைத்திருந்த நேரத்தில், கண் தெரியாமல் வித்தை காட்டியதாக அவர்கள் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“கழட்டு அத,” என்றார்.

சோப்பு எடுத்து வந்து அவரே தண்ணீர் ஊற்ற, கை கழுவித் துடைத்துக்கொண்டு லென்ஸை எடுத்தேன். ஒட்டிக்கொண்டு வர மறுத்து, கடைசியில் வந்தது. இரண்டாவதையும் எடுத்தேன். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. தூரத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் மூக்குக்கு நேரே கொண்டுவந்தால் எதுவும் துல்லியமாகத் தெரியும். உள்ளங்கையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். வலது கண்ணை மூடினால் மருதாணிக் கோடுகள் தெரிந்தன. இடது கண்ணை மூடினால் வெறும் வெள்ளை. கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தேன். மூக்கில் முட்டியது. அப்போதும் வெள்ளைதான்.

அதுவரை எனக்கு வலி மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

என் கணவர் சொட்டு மருந்தோடு உள்ளே வந்தார். அதைத் திறக்கவிடாமல் அத்தை எங்கள் இருவரையும் காரில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். ஃபெடரல் ஹைவே முழுவதும் ஒரு ஈரத் துண்டை வெயில் படாமல் என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் மடியில் லென்ஸ் டப்பா. அதைத் தூக்கிப்போடாமல் எடுத்துவர வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்று பிறகு கேட்டேன். என்ன சாப்பிட்டு வயிற்று வலி வந்ததோ அதை டாக்டரிடம் காட்டுவதில்லையா என்றார்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் கண் பார்த்தவர் ஒரு பஞ்சாபி லேடி டாக்டர். இயந்திரத்தில் என் தாடையை வைக்கச் சொல்லி, நீண்ட நேரம் பார்த்தார். கருவிழிமேல் புண், கிருமி உள்ளே இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். லென்ஸோடு தூங்கினாயா? தூங்கினேன். எதில் கழுவினாய்? சொன்னேன். அவர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்து, வீட்டில் வேறு ஏதாவது ஊற்றினீர்களா என்று மலாயில் கேட்டார். அத்தை, ஊற்றப் போனோம், ஊற்றவில்லை என்று உள்ளதைச் சொன்னார். டாக்டர் லென்ஸ் டப்பாவைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார். என் கணவரின் சட்டைப் பையிலிருந்த சொட்டு மருந்தையும் வாங்கிப் படித்துவிட்டுக் குப்பையில் போட்டார். சிவப்பைக் குறைத்து, நல்லாகிவிட்டது என்று நம்பவைத்து, உள்ளே புண்ணை வளரவிடும் மருந்தாம் அது.

கண் பிழைக்குமா என்று என் கணவர் கேட்டார். இன்று வந்ததால் முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அம்மா பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அழுதுகொண்டு வந்தார், கையில் புதிதாக வாங்கிய உப்புநீர் மருந்து பாட்டிலோடு. இனி அது எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மணிக்கு ஒரு தடவை மருந்து விட வேண்டும் என்றார்கள். பகலெல்லாம் அத்தையின் பொறுப்பு, இரவில் என் கணவர் அலாரம் வைத்துக்கொண்டார். அத்தைக்கு ரேடியோதான் கடிகாரம். செய்தி ஆரம்பிக்கும் சத்தம் கேட்டதும் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவிட்டு, பூஜைக்குப் போகிறவர்போல முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். சொட்டு மருந்தின் முனை இமையில் படக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை, நர்ஸைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நாட்டு நடப்பு எல்லாருக்கும் அத்துப்படி.

விருந்துக்கு அழைத்திருந்த உறவுகள் எல்லாம் பார்க்க வந்தன. புதுப்பெண் கண்ணில் ஏதோ குறை, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களாமே என்று அரிசி வீசிய அதே மாமா கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. அத்தை சமையலறையிலிருந்தே பதில் சொன்னார்.

“ஒரு குறையும் இல்லண்ணே. நீங்க போட்ட அரிசி கண்ணுல பட்டுச்சு. அத நாங்க பன்னீர்ல கழுவிட்டோம். தப்பாப் போச்சு.”

பன்னீரில் கழுவியது நான் ஒருத்திதான். ‘நாங்க’ என்று சொன்னவர் அப்போது மண்டப வாசலில் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தவர். நான் இத்தனை வருஷமாகப் படித்த புத்தகங்களில் எத்தனையோ நல்ல வாக்கியங்கள் வந்துபோயிருக்கின்றன. அந்த வாக்கியத்துக்கு நான் பட்ட கடன் வேறு எதற்கும் படவில்லை. மாமா கோப்பியைக் குடித்துவிட்டுச் சீக்கிரமாகவே கிளம்பினார்.

வெள்ளை மெல்ல மெல்லக் கலைந்தது. முதலில் நிழல் வந்தது, பிறகு நிறம். நான் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணைக் கையால் பொத்தி, வலது கண்ணால் எதையாவது பார்ப்பது. காலண்டர் இருக்கிறதா? இருக்கிறது. தேதி தெரிகிறதா? இல்லை. அடுத்த நாளும் இல்லை. அத்தை நான் பொத்துவதைப் பார்ப்பார்.

மருந்தெல்லாம் குறைந்து, டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு, தள்ளிப்போட்டிருந்த கல்யாணப் படம் எடுக்கக் கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். முகூர்த்தச் சேலை, பூ, நகை, மைனஸ் எட்டு. படக்காரர் எங்களை நிற்கவைத்து, விளக்கைப் போட்டார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, அக்கா ஒரு நிமிஷம் அதைக் கழற்றட்டும் என்றார். பழக்கதோஷம், என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்திருக்காமலே சொன்னார்.

“தம்பி, லைட்ட நகத்துங்க. கண்ணாடிய ஏன் நகத்தச் சொல்றீங்க?”

அவர் விளக்கைத் தள்ளிவைக்கப் போனார். இப்போதும் சாயங்கால நேரத்தில் ஹைவே விளக்குகள் என் வலது கண்ணுக்கு மட்டும் மீசை முளைத்துத் தெரிகின்றன. கருவிழி ஓரத்தில் சுண்ணாம்புப் பொட்டுப் போல ஒரு தழும்பு இருக்கிறது. பிற்பாடு டாக்டர் அனுமதித்து, நான் மறுபடி லென்ஸ் போட்டதும் உண்டு, கண்ணு குக்கரைக் கூடத்துப் பிளக்கில் எல்லார் கண்ணெதிரே சொருகிக்கொண்டு. அந்தச் சீனக் கடைக்காரரிடம் நடந்ததைப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போன என் தோழிகளிடமெல்லாம் விதிகளோடு புதிதாக ஒன்று சேர்த்துச் சொன்னாராம்: ஆயர் மாவார் தாக் போலே. பன்னீர் கூடாது. தமிழ்ப் பெண்களிடம் இரண்டு தடவை சொல்வாராம்.

ஆனால் அன்று ஸ்டூடியோவில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. விளக்கு நகரும் அந்த இடைவெளியில் வழக்கம்போல இடது கண்ணைப் பொத்தி, பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். பட்டுச் சட்டை தெரிந்தது. பொத்தான் வரிசை தெரிந்தது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தது, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

நான் கையை எடுத்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. படம் இன்னும் கூடத்தில் அப்படியேதான் மாட்டியிருக்கிறது.